அழிந்த நகரத்தின் முரசு ஒலி

மாதந்தோறும் அமாவாசை இரவில் மேல்மலையனூரில் எள் போட்டால் எள் விழாது. விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலை, சென்னை என்று பல ஊர்களில் இருந்தும் பஸ்கள் வந்து குவியும். அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம்! பம்பை முழங்கும். உடுக்கை அதிரும். கைச்சிலம்பு கலகலக்கும். கேட்டவர்களுக்கு மெய் சிலிர்க்கும். சிலர் ஆவேசம் வந்து ஆடுவார்கள்.

அந்தப் பம்பைக்காரர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்? எந்தப் புத்தகத்தைப் பார்த்து அடிக்கிறார்?

பள்ளிக்கூடமும் இல்லை, புத்தகமும் இல்லை. அப்பா அடித்தார். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டான். பிறகு அவனும் அடித்தான். காதில் இருந்து கைக்கு வந்த வித்தை அது.

சரி. ஒரு தலைமுறை கேட்காமல் விட்டுவிட்டால்? 400 ஆண்டு கழித்து ஒருவர் வந்து, "அந்த அடி எப்படி இருந்தது?" என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

இது வீண் கேள்வி அல்ல. மெக்சிகோ நாட்டில் இப்படி உண்மையாகவே நடந்தது. ஒரு பெரிய ராஜ்யம் அழிந்தது. அதன் பாட்டும் அழிந்தது. 400 ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் அந்தப் பாட்டைத் தேடிப் புறப்பட்டார். அவருடைய கதைதான் இது.

ஏரி நடுவே தலைநகர்

மெக்சிகோ, வட அமெரிக்காவில் இருக்கிறது. நாம் தினமும் குழம்பில் போடும் மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். தக்காளிக்கு இங்கிலீஷில் "டொமாட்டோ" என்கிறோம் அல்லவா? அந்தச் சொல்லே ஆஸ்டெக் மக்களின் மொழியில் இருந்து வந்தது.

ஆஸ்டெக் மக்கள் யார்? நாடோடிகளாக அலைந்த ஒரு கூட்டம். கள்ளிச்செடியின் மேல் கழுகு உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஊர் கட்ட வேண்டும் என்பது அவர்களுக்குக் கிடைத்த தெய்வ வாக்கு என்று கதை. ஓர் ஏரியின் நடுவே இருந்த தீவில் அந்தக் காட்சியைக் கண்டார்களாம். அங்கே 1325-ல் ஊரைக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். அந்த ஊரின் பெயர் தெனோச்டிட்லான். மெக்சிகோ நாட்டுக் கொடியில் அந்தக் கழுகையும் கள்ளியையும் இன்றும் பார்க்கலாம்.

தீவு நகரமாகி, நகரம் சாம்ராஜ்யத்தின் தலைநகர் ஆயிற்று. ஏரியின் குறுக்கே கல் பாதைகள் போட்டார்கள். தண்ணீரிலேயே மண்ணைக் கொட்டித் தோட்டம் போட்டார்கள். நடுவில் வானளாவிய கோவில் கட்டினார்கள்.

பாட்டுக்கென்று தனி வீடு!

ஆஸ்டெக் மக்களுக்குப் பாட்டு என்றால் உயிர். தலைநகரில் பாட்டுக்கென்றே தனிப் பள்ளி இருந்தது. அதற்கு "குயிகாகாலி" என்று பெயர். பாட்டு வீடு என்று அர்த்தம். பொழுது சாய்ந்ததும் பையன்களும் பெண்களும் அங்கே போவார்கள். சாமி பாட்டு, ராஜா பாட்டு, போர்ப் பாட்டு எல்லாம் படிப்பார்கள், ஆடவும் பழகுவார்கள்.

அவர்களுக்கு முக்கியமான வாத்தியங்கள் இரண்டு. இரண்டும் முரசுகள்தான்.

ஒன்றின் பெயர் "வேவெட்ல்". உரலை நிறுத்தி வைத்ததுபோல் நிற்கும் மர முரசு. உச்சியில் தோல் கட்டியிருக்கும். கையால் அடிப்பார்கள்.

மற்றொன்று "தெபொனாஸ்ட்லி". இதற்குத் தோலே கிடையாது! ஒரு மரக்கட்டையைக் குடைந்து, மேல்பக்கத்தில் பிளந்து, இரண்டு நாக்குகள் போல் விட்டிருப்பார்கள். ஒரு நாக்கை அடித்தால் ஒரு சுரம். மற்றதை அடித்தால் வேறு சுரம். குச்சியின் நுனியில் ரப்பர் சுற்றியிருக்கும். ஐரோப்பாவில் ரப்பர் என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது!

நம் பம்பையும் இரட்டை முழவுதான். ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டியது. இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. இரண்டு குரல்கள் பேசிக்கொள்வது போல் இருக்கும். தெபொனாஸ்ட்லியும் அப்படித்தான் பேசியது.

இவை தவிர மண் குழல்கள், கடல் சங்கு, கிலுகிலுப்பைகள் உண்டு. நரம்பு வாத்தியம் எதுவும் இல்லை.

நகரம் விழுந்தது

1519-ம் ஆண்டு. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கோர்ட்டெஸ் என்பவன் கப்பலில் வந்து இறங்கினான். கூட வந்தவர்கள் சுமார் 500 போர் வீரர்கள். 16 குதிரைகள். அந்த மக்கள் குதிரையையே அதற்கு முன் பார்த்தது இல்லை.

ஆஸ்டெக் ராஜா மாண்டெசூமா அவனை நகருக்குள் வரவேற்றான். வந்த விருந்தாளி ராஜாவையே சிறைப்படுத்தினான்! 1520-ல் மாண்டெசூமா இறந்தான். சண்டை மூண்டது. ஸ்பெயின்காரர்கள் இரவோடு இரவாகத் தப்பி ஓடினார்கள்.

ஆனால் அவர்களோடு வந்த ஒரு பகைவன் ஓடவில்லை. அதுதான் பெரியம்மை. அதற்கு முன் அந்தப் பூமியில் அந்த நோய் கிடையாது. மக்கள் கொத்துக்கொத்தாக மாண்டார்கள். மாண்டெசூமாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவனும் இறந்தான்.

கோர்ட்டெஸ் மறுபடி வந்தான். இந்தத் தடவை தனியாக வரவில்லை. ஆஸ்டெக் ராஜ்யத்திடம் கப்பம் கட்டியும், பகை கொண்டும் வெறுத்துப்போயிருந்த பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். நகரை முற்றுகை இட்டார்கள். குடிதண்ணீரைத் தடுத்தார்கள்.

அந்த முற்றுகையில் இருந்த ஸ்பானிஷ் வீரன் பெர்னால் டியாஸ் பிற்காலத்தில் ஒரு சரித்திரம் எழுதினான். கோவில் உச்சியில் இருந்து பெரிய முரசு ஒலித்ததையும், அந்தச் சத்தம் தங்களை நடுங்க வைத்ததையும் அதில் சொல்கிறான். நடுங்கியதற்குக் காரணம் உண்டு. சிறைப்பட்ட அவன் தோழர்களை அங்கே பலி கொடுத்தார்கள். ஆஸ்டெக் கோவில்களில் நரபலி இருந்தது. அதை மறைப்பதற்கு இல்லை.

1521 ஆகஸ்ட் 13-ந் தேதி கடைசி ராஜா குவாடெமோக் பிடிபட்டான். நகரம் இடிந்தது. முரசு ஓய்ந்தது.

மெட்டு எங்கே?

ஊர் இடிந்தால் மறுபடி கட்டலாம். பாட்டு?

பாதிரிமார்கள் வந்தார்கள். பழைய சாமிகளைப் பாடும் பாட்டுகளைத் தடுத்தார்கள். ஆனால் அந்த ஜனங்கள் பாட்டில் கெட்டிக்காரர்கள். தேவாலயப் பாட்டுகளைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். சாகூன் என்ற பாதிரியார் ஒரு காரியம் செய்தார். பழைய பாட்டுகளுக்குப் பதிலாகப் பாடுவதற்கென்றே ஆஸ்டெக் மொழியில் கிறிஸ்தவப் பாட்டுகள் எழுதினார். அந்தப் புத்தகம் 1583-ல் அச்சாயிற்று.

அதே சாகூன்தான், ஆஸ்டெக் மக்களின் பழக்கவழக்கங்களைப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு 12 பாகங்கள் கொண்ட நூலாக எழுதி வைத்தவரும். ஒரு கையால் தடுத்தார். மறு கையால் காப்பாற்றினார்!

பழைய பாட்டுகளின் வார்த்தைகள் சிலவும் தப்பின. அந்தக் கையெழுத்துப் பிரதி மெக்சிகோ தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் ஓர் அதிசயம் உண்டு. சில பாட்டுகளின் பக்கத்தில் முரசு அடிக்கும் சொற்கட்டு எழுதியிருக்கிறது. தி, தோ, கி, கோ என்ற எழுத்துகள் மாறி மாறி வரும். நம் மிருதங்கக்காரர்கள் தா, தி, தொம், நம் என்று சொல்வது போல!

ஆனால் எந்த எழுத்துக்கு எந்த அடி? மெதுவாகவா, வேகமாகவா? சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மெட்டோ எழுதவே இல்லை. எழுத்து இருக்கிறது, ஒலி இல்லை. ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தாலிப் பாட்டு பாடிய ராஜா!

மாண்டெசூமாவின் கதை ஐரோப்பாவுக்குப் போயிற்று. அங்கே இசை நாடகம் போடுகிறவர்களுக்கு நல்ல கதை கிடைத்துவிட்டது.

இத்தாலியில் விவால்டி என்ற பெரிய சங்கீத வித்வான் இருந்தார். 1733-ல் வெனிஸ் நகரில் அவருடைய "மோட்டெசூமா" இசை நாடகம் அரங்கேறியது. அதில் ஆஸ்டெக் ராஜா இத்தாலிய மொழியில், இத்தாலிய மெட்டில் பாடினான். வயலின் வாசித்தார்கள். முடிவு இன்னும் வேடிக்கை. உண்மையில் ராஜா செத்தான், ராஜ்யமும் போயிற்று. நாடகத்திலோ ராஜா பிழைத்துக்கொள்கிறான். அவன் மகளுக்கும் கோர்ட்டெஸின் தம்பிக்கும் கல்யாணம்! எல்லாம் சுபம்!

ஜெயித்தவர்கள் பக்கத்தில் இருந்து பாட்டு எழுதினால் இப்படித்தான் ஆகும். தோற்றவர்களின் பக்கத்தில் இருந்து யார் எழுதுவது?

22 வயது வாலிபர்

மெக்சிகோவில் 1910-ல் புரட்சி வெடித்தது. அதன் பிறகு அந்த மக்களுக்குத் தங்கள் பழைய பெருமை நினைவுக்கு வந்தது. ஓவியர்கள் அரசாங்கக் கட்டிடச் சுவர்களில் ஆஸ்டெக் கதைகளை வரைந்தார்கள்.

அந்தக் காலத்து வாலிபர் கார்லோஸ் சாவேஸ். 1899-ல் மெக்சிகோ நகரில் பிறந்தவர். மேல்நாட்டு சங்கீதம் நன்றாகத் தெரியும். கல்வி மந்திரி வாஸ்கொன்செலோஸ் அவரைக் கூப்பிட்டு, நம் நாட்டுக் கதையை வைத்து ஒரு நாட்டியத்துக்கு இசை அமைக்கச் சொன்னார். 1921-ல் சாவேஸ் அதை எழுதி முடித்தபோது அவருக்கு வயது 22. அதன் பெயர் "புது நெருப்பு".

இந்தக் கதை நம் ஜனங்களுக்கு உடனே புரியும். ஆஸ்டெக் கணக்கில் 52 ஆண்டு ஒரு சுற்று. சுற்று முடியும் இரவில் உலகம் அழிந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். போகிக்குச் செய்வது போல் பழைய சட்டி பானைகளை வெளியே எறிவார்கள். ஊரில் உள்ள அத்தனை அடுப்பையும் விளக்கையும் அணைப்பார்கள். ஒரே இருட்டு! பூசாரிகள் மலை மேல் ஏறி வானத்தைப் பார்ப்பார்கள். எதை? கார்த்திகை நட்சத்திரத்தை! நடுநிசியில் அது உச்சி தாண்டிவிட்டால் உலகம் பிழைத்தது. உடனே ஒரு கைதியைப் பலி கொடுத்து, அவன் மார்பின் மேல் புது நெருப்பைக் கடைந்து எடுப்பார்கள். அந்த நெருப்பு வீடு வீடாகப் போகும். கடைசியாக இது நடந்தது 1507-ல்.

மேல்மலையனூருக்குப் பக்கத்தில்தான் திருவண்ணாமலை. மலை உச்சியில் கார்த்திகை தீபம் தெரிந்ததும் ஊரெல்லாம் விளக்கு ஏற்றுகிறோம். அங்கே பலி, இங்கே பக்தி. காரியம் வேறு. ஆனால் மலையையும் நெருப்பையும் கார்த்திகையையும் பார்த்து மனிதன் மனம் துள்ளியது மட்டும் ஒன்று.

சாவேஸ் எழுதிவிட்டாரே தவிர, உடனே வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டு காத்திருந்தார். 1928-ல் மெக்சிகோவில் ஒரு பெரிய வாத்திய கோஷ்டியை அவரே அமைத்தார். அந்த ஆண்டில்தான் "புது நெருப்பு" கச்சேரியில் ஒலித்தது.

சிம்பொனி என்றால் என்ன?

2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் நம் இளையராஜா தம் சிம்பொனியை அரங்கேற்றினார். பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சிம்பொனி என்பது பெரிய வாத்திய கோஷ்டி வாசிப்பதற்காக எழுதும் நீண்ட இசை. வயலின், குழல், எக்காளம், முரசு என்று பல வகை வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னும் காகிதம் இருக்கும். யார் எந்த நொடியில் எந்தச் சுரம் வாசிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். நடுவில் ஒருவர் கோல் பிடித்து நடத்துவார்.

சாவேஸ் 1936-ல் ஒரு சிம்பொனியை நியூயார்க்கில் வானொலி வழியாக ஒலிக்கச் செய்தார். அதன் பெயர் "சின்போனியா இந்தியா". நம் இந்தியாவைப் பற்றியதோ என்று நினைக்க வேண்டாம்! மெக்சிகோவின் பூர்வகுடி மக்களைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது.

அதில் யாக்கி, செரி, உய்சோல் என்ற பூர்வகுடி மக்கள் பாடி வந்த மெட்டுகளைச் சேர்த்தார். அவர்களுடைய வாத்தியங்களையும் மேடை ஏற்றினார். தண்ணீரில் கவிழ்த்துப் போட்டு அடிக்கும் சுரைக்குடுக்கை! மான் குளம்புகளைக் கோத்த சரம்! வண்ணத்துப்பூச்சிக் கூடுகளைக் கோத்த சலங்கை! பட்டணத்துச் சங்கீத மண்டபத்தில் வயலினுக்குப் பக்கத்தில் சுரைக்குடுக்கை உட்கார்ந்தது. அது சிறிய விஷயமா?

"கற்பனை" என்று சொன்னார்

1940 மே மாதம். நியூயார்க்கில் உள்ள நவீன கலைக்கூடத்தில் மெக்சிகோ கலைகளின் பெரிய கண்காட்சி. 20 நூற்றாண்டுச் சிற்பங்களும் ஓவியங்களும் வந்திருந்தன. அங்கே ஆஸ்டெக் இசை வேண்டும் என்று கேட்டார்கள். இல்லாத இசைக்கு எங்கே போவது?

சாவேஸ் மூன்று வழியில் தேடினார். பாதிரிமார்கள் எழுதியதைப் படித்தார். பழைய சித்திரச் சுவடிகளில் யார் எந்த வாத்தியத்தை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தார். மண்ணில் கிடைத்த குழல்களையும் முரசுகளையும் ஆராய்ந்தார்.

பிறகு எழுதினார். நான்கு ஊதுகிற வாத்தியங்கள். ஆறு பேர் வாசிக்கும் தாள வாத்தியங்கள். வயலினே கிடையாது! கடல் சங்குக்குப் பதிலாக டிராம்போன் என்ற நீண்ட எக்காளத்தை வைத்தார். அந்த இசைக்கு "ஷோச்சிபில்லி" என்று ஒரு தெய்வத்தின் பெயர். பூவுக்கும் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் அதிபதி. பெயருக்குப் "பூ இளவரசன்" என்று பொருள். "பில்லி" என்பது நம் "பிள்ளை" போலவே கேட்கிறது. ஆனால் இரண்டுக்கும் சொந்தம் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் ஒன்று. "இதுதான் ஆஸ்டெக் இசை" என்று சாவேஸ் மார் தட்டவில்லை. "கற்பனை செய்த ஆஸ்டெக் இசை" என்றே அதற்குத் தலைப்பில் எழுதினார். தெரிந்தது இவ்வளவு, மீதி என் மனதில் தோன்றியது என்று ஒளிக்காமல் சொன்னார்.

அது நல்லதாகப் போயிற்று. ஆஸ்டெக் இசை ஐந்து சுரத்தில் அமைந்தது என்பது சாவேஸின் எண்ணம். நம் மோகன ராகத்திலும் சுரம் ஐந்துதானே, அப்படி. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து சுரத்துக்குள் அடங்காத ஒலிகளையும் பழைய குழல்கள் தருகின்றன என்று எடுத்துக் காட்டினார்கள். ஆனாலும் அவருடைய இசை பொய் ஆகிவிடவில்லை. கற்பனை என்று சொல்லிவிட்டுச் செய்த கற்பனை பொய் ஆகாது.

சாவேஸ் 1978 ஆகஸ்டில் காலமானார். அதே ஆண்டு பிப்ரவரியில் மெக்சிகோ நகரில் மின்சார வேலைக்காகப் பள்ளம் தோண்டினார்கள். வட்டமான பெரிய சிற்பக் கல் ஒன்று தட்டுப்பட்டது. ஆஸ்டெக் பெண் தெய்வத்தின் உருவம். கன்னத்தில் மணிகள்! அங்கேயே தோண்டத் தோண்டப் பழைய பெரிய கோவிலின் அடிப்பாகம் வெளியே வந்தது. கல் கிடைத்தது. ஆனால் அந்தக் கோவிலில் ஒலித்த ஒரு மெட்டைக்கூட எந்த மண்வெட்டியாலும் தோண்டி எடுக்க முடியவில்லை.

நம் செஞ்சியில் என்ன நடந்தது?

மேல்மலையனூர்க்காரர்களுக்கு அழிந்த ராஜ்யத்தைப் பார்க்க மெக்சிகோ போக வேண்டியது இல்லை. பக்கத்தில்தான் செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

அந்தச் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதினான். சிறு படை, பெரும் படையை எதிர்த்தது. தேசிங்கு மாண்டான். அப்போது அவனுக்கு வயது 22 என்பார்கள். அவன் ராணி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டை என்ற பெயர் அவள் நினைவாக வந்தது என்றும் சொல்வார்கள்.

ராஜ்யம் போயிற்று. ஆனால் பாட்டு போகவில்லை! தேசிங்கு ராஜன் கதையை ஊர் ஊராகப் பாடினார்கள். அவனுடைய பாராசாரிக் குதிரையைப் பாடினார்கள். உயிர்த் தோழன் மோவுத்துக்காரனைப் பாடினார்கள். ராஜா இந்து, தோழன் முஸ்லிம். இருவரும் ஒரே களத்தில் மாண்டதைப் பாடிக் கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து, ஜி.ராமநாதன் இசை அமைத்து, "ராஜா தேசிங்கு" படமாகவும் வந்தது.

வித்தியாசத்தைப் பாருங்கள். தெனோச்டிட்லான் விழுந்தபோது பாட்டு வீடும் விழுந்தது. சொல்லிக்கொடுப்பவர்களும் மாண்டார்கள். அதனால் சாவேஸ் கற்பனை செய்ய வேண்டியதாயிற்று. செஞ்சி விழுந்தபோது பாடுகிறவர்கள் மிஞ்சினார்கள். அதனால் கதை மிஞ்சியது.

கை இருக்கும்போதே

நாளைக்கு நம் பிள்ளைகளில் ஒருவர் பெரிய சங்கீத மேதையாக வரலாம். செஞ்சியின் கதையைச் சிம்பொனியாக எழுத ஆசைப்படலாம். அவருக்கு மெட்டு வேண்டும், தாளம் வேண்டும். சாவேஸ் மாதிரி உடைந்த குழலை வைத்துக்கொண்டு அவர் ஊகிக்க வேண்டுமா? அல்லது உயிரோடு இருக்கும் பம்பைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டுமா?

அது நம் கையில் இருக்கிறது. உங்கள் ஊரில் பம்பை, உடுக்கை அடிக்கும் பெரியவர் இருக்கிறாரா? தேசிங்கு கதை பாடத் தெரிந்த பாட்டி இருக்கிறாரா? போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த அடி எதற்கு என்று விசாரியுங்கள். அம்மனை வர்ணிக்க ஓர் அடி உண்டா, அழைக்க வேறு அடி உண்டா என்று கேளுங்கள். அவர் சொன்னதை அவர் பெயரோடு நோட்டில் எழுதுங்கள். சம்மதம் கேட்டு, கையில் இருக்கும் போனில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளிடம் ஒரு தடவை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திருவிழாவில் வாசிக்க வருகிறவருக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். வித்தை அவர் வீட்டில் தங்குவதற்கு அதுவும் ஒரு வழி.

மெக்சிகோ நூலகத்தில் தி, தோ, கி, கோ என்ற எழுத்துகள் இருக்கின்றன. அடித்துக் காட்டத்தான் ஒரு கை இல்லை. நம்மிடம் இன்னும் கை இருக்கிறது.